பசியைக் கணக்குப் பார்க்கும் புழு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளுக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் சோதனைக்கு வந்தால் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது பூச்சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைத்தான். பிறகு குளியலறைத் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் நீர் வடியும் தட்டு, பால்கனியில் மழை பட நிற்கும் வாளி. புழு நெளிந்தால் உறிஞ்சுகுழாயில் எடுத்துச் சிறு குப்பியில் போட்டுக்கொள்வார்கள். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு என்று உறுதியானால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதச் சீட்டு வரும். சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: புழு இருந்ததா, இல்லையா? அந்தப் புழு கொழுத்திருந்ததா வற்றியிருந்ததா, கொசுவாகப் பறக்க அதற்கு இரண்டு நாள் போதுமா இரண்டு வாரம் ஆகுமா என்பதெல்லாம் அந்தச் சீட்டில் ஏறுவதில்லை.

2019இல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சிலாங்கூர்க்காரர்கள். இவ்வளவு பெரிய கணக்கின் அடிவேர் ஒரு கரண்டித் தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு தீனி இருந்தது என்பதைப் பொறுத்தே அதிலிருந்து எத்தனை கொசு எழும்பும், எப்போது எழும்பும், எந்த அளவில் எழும்பும் என்பது அமைகிறது. தண்ணீரைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவிட்டோம். தீனியைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பதே என் எண்ணம்.

தட்டில் இருக்கும் புழுக்களை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு மாற்றிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஏடிஸ் புழு வால்முனையில் உள்ள மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் ஒட்டிவைத்துத் தலைகீழாகத் தொங்கும். வாயின் இருபுறமும் இருக்கும் மயிர்த்தூரிகைகள் ஓயாமல் அசைந்து நீரோட்டம் உண்டாக்கும். அதில் மிதந்து வரும் பாக்டீரியா, பாசித்துணுக்கு, மட்கிய இலைத்தூள்தான் இரை. இரை குறைந்தால் அது தொங்கிக்கொண்டிருக்காது. அடிக்குப் போய்த் தட்டின் வழவழப்பைச் சுரண்டும், செத்த சகபுழுவின் உடலையும் மேயும். நல்ல தீனி கிடைத்த நான்காம் பருவப் புழுவுக்கு மார்பு தலையைவிட அகன்றிருக்கும். கண்ணாடித் தோலுக்குள் கொழுப்புத்திசு வெண்மையாகத் திரண்டு தெரியும். பட்டினி கிடந்ததற்கு அந்த வெண்மை இருக்காது. உடல் ஒடுங்கித் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகளில் பிறந்தவை ஒரே தட்டில் இப்படி இரண்டு விதமாகவும் கிடக்கும்.

தலையின் அளவு தோலுரிக்கும்போது மட்டுமே மாறும். நான்கு பருவங்களில் மூன்று முறை தோலுரித்துத் தலை பெருக்கும். நான்காவது உரிப்பில் கூட்டுப்புழுவாகும். இடைப்பட்ட நாட்களில் மார்பும் வயிறும்தான் பருக்கும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, இரண்டு நாள் சுருண்டு மிதக்கும், பிறகு கொசு. கொசுவான பின் வளர்ச்சியே கிடையாது. சிறிய கொசுவைப் பார்த்துக் 'குஞ்சுக் கொசு' என்று சொல்வோரைக் கிள்ளானிலும் கேட்டிருக்கிறேன், தஞ்சாவூரிலும் கேட்டிருக்கிறேன். அது குஞ்சும் அல்ல, இனி வளரப்போவதும் அல்ல. தண்ணீரில் பட்டினி கிடந்து வளர்ந்த முழுக்கொசு. பெண் ஏடிஸின் சிறகு நல்ல தீனியில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பட்டினியில் அது இரண்டை ஒட்டி நின்றுவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரில் புழுப்பருவத்தின் வரலாறு முழுக்க எழுதியிருக்கிறது. ஆகவேதான் கொசு ஆய்வாளர்கள் சிறகை வெட்டி அளக்கிறார்கள்.

இனி, பசி வந்தால் புழு என்ன செய்கிறது? காத்திருக்கிறது. கோலாலம்பூர் வெயிலில் தீனி தாராளமாக இருந்தால் முட்டை பொரிந்து ஏழு முதல் பத்து நாளில் கொசு பறந்துவிடும். தீனி இல்லையென்றால் அதே புழு வாரக்கணக்கில் நான்காம் பருவத்திலேயே நின்றுவிடும். சாகாது, வளராது. சேமித்த கொழுப்பையும் கிளைக்கோஜனையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். விக்கிள்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1942இல் இந்தப் புழுக்களைப் பட்டினி போட்டும், பிறகு வேறு வேறு உணவு கொடுத்தும், கொழுப்புத்திசுவில் எது எந்த வரிசையில் கரைகிறது, எது எந்த உணவால் மீள்கிறது என்று பார்த்து எழுதினார். கொசுவின் உடற்செயல் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைக்குத் திரும்புகிறார்கள்.

காத்திருப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. புழு ஒரு குறிப்பிட்ட எடையை எட்டும் முன் உணவை நிறுத்தினால் அது கூட்டுப்புழுவாகாது. அந்த எடையைத் தாண்டியபின் நிறுத்தினால், இருப்பதை வைத்துக்கொண்டு சின்ன உடலோடு கூட்டுப்புழுவாகிவிடும். 1990இல் சேம்பர்ஸ், க்ளௌடன் ஆகிய இருவரும் வீட்டுக்குள் வளரும் இனமான ஏடிஸ் எகிப்தியில் இந்த எடைக்கும் உடலில் சேர்ந்த இருப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். உள்ளே நடப்பது ஹார்மோன் வேலை. இளமை ஹார்மோன் இரத்தத்தில் நிற்கும் வரை புழு புழுவாகவே இருக்கும். அது வடிந்து, தோலுரிப்பு ஹார்மோன் ஏறினால்தான் கூட்டுப்புழு. போதிய உணவு வந்துவிட்டது என்ற செய்தியை இன்சுலினை ஒத்த புரதங்கள் எடுத்துச் செல்கின்றன. நம் உடலில் சர்க்கரையைக் கவனிக்கும் அதே குடும்பத்துப் புரதங்கள் கொசுப்புழுவில் பருவமடையும் நாளைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. ஆண் இரத்தம் குடிப்பதில்லை, முட்டை சுமப்பதில்லை. சிறிய உடல் போதும். அதனால் அது சீக்கிரம் கூட்டுப்புழுவாகி முதலில் பறக்கும். பெண்ணுக்கு உடல் பெருத்தால்தான் முட்டை கூடும் என்பதால் நாளைக் கூடுதலாகச் செலவிட்டாவது எடை சேர்க்கப் பார்க்கும். பட்டினித் தட்டில் ஆண்களும் பெண்களும் வெளியேறும் நாட்களுக்கு இடையே இடைவெளி நீளும்.

பசியைக் கண்டு வளர்ச்சியை நிறுத்திவைக்கும் உயிர் கொசு மட்டுமில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவினம் ஒன்று, சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ், உணவு குறைந்து கூட்டம் பெருகினால் வாயை மூடிக்கொண்டு தனியொரு பருவத்துக்குள் போய்விடும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் வாழும் அது அந்த நிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கசாடா, ரசல் இருவரும் 1975இல் அந்தப் பருவத்தை விவரித்த பிறகு, முதுமை பற்றிய ஆராய்ச்சியே புதுப்பாதை பிடித்தது. அந்தப் புழுவுக்கு இதற்கென்று தனிப் பருவமே இருக்கிறது. ஏடிஸுக்கு அப்படி இல்லை. அது இருக்கிற பருவத்தையே நீட்டிக்கொள்கிறது.

ஆனால் ஏடிஸிடம் முட்டையிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் பெண் முட்டை ஒட்டும். இரண்டு மூன்று நாளில் உள்ளே புழு முழுவதும் உருவாகிவிடும், ஆனால் வெளியே வராது. தட்டு காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் ஓட்டுக்குள் உயிரோடு இருக்கும். மழை பெய்து நீர் ஏறினாலும் எல்லாம் ஒரே நாளில் பொரிவதில்லை. நீரில் கரைந்த ஆக்ஸிஜன் குறைந்தால்தான் பொரியத் தூண்டல் கிடைக்கும். ஆக்ஸிஜனைக் குறைப்பது யார்? நீரிலும் முட்டை ஓட்டின் மேலும் பெருகும் பாக்டீரியா. பாக்டீரியா பெருகியிருக்கிறது என்றால் தீனி இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே புழுக்கூட்டம் நிறைந்த நீரில் அந்தப் புழுக்கள் முட்டையோட்டின் மேலிருக்கும் பாக்டீரியாவைச் சுரண்டித் தின்றுவிடும், ஆக்ஸிஜன் குறையாது, முட்டை காத்திருக்கும். லிவ்டால் முதலியோர் 1984இல் அமெரிக்க ஏடிஸ் இனமொன்றில் இதைக் காட்டினார்கள். ஓட்டுக்குள் இருக்கும் புழுவுக்கு வெளியே பந்தி காலியா நிறைவா என்று தெரிந்துவிடுகிறது!

காத்திருப்புக்கு விலையும் உண்டு. உள்ளே இருக்கும் புழு தாய் வைத்துவிட்டுப் போன கொழுப்பையே எரித்து உயிர் வாழ்கிறது. பேரஸ், நோரியேகா ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், நெடுநாள் ஓட்டுக்குள் கிடந்து பொரிந்த புழுக்கள் இருப்புக் குறைந்து, பட்டினியைத் தாங்கும் வலு குன்றிப் பிறந்தன. கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த விலை பெரும்பாலும் மலிவு. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மழை கொட்டும். சற்று வறண்ட ஜூன் ஜூலையிலும் பிற்பகல் இடிமழை முற்றாக நிற்பதில்லை. ஆண்டின் பாதி காய்ந்து கிடக்கும் ராமநாதபுரத்து முட்டைக்கு இருக்கும் சோதனை இங்குள்ள முட்டைக்கு அரிது.

பாக்டீரியா வெறும் இரைதானா, அதற்கு மேல் ஏதாவது செய்கிறதா என்ற கேள்வி சுவையானது. 2014இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கூன், ஸ்ட்ராண்ட் முதலியோர் ஏடிஸ் முட்டைகளைக் கிருமி நீக்கிப் பொரிக்கவிட்டு, பாக்டீரியாவே இல்லாத உணவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். புழுக்கள் தின்றன, ஆனால் முதல் பருவத்தைத் தாண்டவில்லை. குடலில் ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சேர்த்ததும் வளர்ந்தன. குடலில் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுவதே வளர்ச்சிக்கான சமிக்ஞை என்று அவர்கள் பின்னர் விளக்கினார்கள். 2018இல் வேறொரு குழு உணவின் கலவையை மாற்றி, பாக்டீரியா இல்லாமலே, தாமதமாகவேனும், கொசு வரை வளர்த்துக் காட்டியது. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. பூச்சட்டித் தட்டில் பாக்டீரியா இல்லாத தண்ணீர் கிடையாது என்பதால் நம் வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கறிவேப்பிலைச் செடிக்கு அரிசி கழுவிய நீரை ஊற்றும் வழக்கம் நம்மில் பல வீட்டில் உண்டு. செடிக்கு நல்லது; வழிந்து தட்டில் தேங்கும் மாவுநீர் பாக்டீரியாவுக்கு அதைவிட நல்லது. உதிர்ந்த சாமந்தி இதழ், சாமி படத்தின் முன் வைத்த குவளையில் அழுகும் காம்பு எல்லாம் அப்படியே. அழுக்கு மிகவும் கூடிவிட்டால் ஏடிஸ் ஒதுங்கிக் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு வந்துவிடும் என்பது தனிக்கதை.

பட்டினியில் வளர்ந்த கொசு பலவீனமானது, அதனால் நமக்கு நல்லது என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல. நன்றாகத் தின்று வளர்ந்த பெண் ஒரு முறை வயிறு நிறைய இரத்தம் குடித்தால் முட்டை வைக்கும். சிறிய பெண்ணுக்கு உடலில் இருப்பே இல்லை. ஃபெயின்சாட், ஸ்பீல்மன் இருவரும் 1980இல் காட்டியபடி, முதல் இரத்தம் முட்டைக்குப் போவதில்லை. உடலைத் தேற்றி இளமை ஹார்மோனைச் சுரக்கவைப்பதற்கே அது செலவாகிறது. முட்டைக்கு இரண்டாவது கடி வேண்டும். ஒரு முட்டைச்சுற்றுக்கு இரண்டு மூன்று மனிதரைக் கடிப்பது என்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு டிங்கி வைரஸ் தாவுவதற்கு அது வசதி. மறுபக்கம், சிறிய கொசுவின் ஆயுள் குறைவாக இருக்கக்கூடும். வைரஸ் உடலில் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேரும் வரை அது உயிரோடு இருக்க வேண்டுமே. ஆல்ட்டோவும் அவர் குழுவினரும் 2005இலும் 2008இலும் வெளியிட்ட ஆய்வுகளில், புழுப்பருவத்தில் நெருக்கடியில் வளர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னோர் ஏடிஸ் இனம் வைரஸை எளிதாக ஏற்றது. இரண்டையும் கூட்டிக் கழித்து, பட்டினிக் கொசு ஆபத்து குறைந்தது என்று யாரும் துணிந்து சொல்லிவிட முடியாது.

கிள்ளானில் கொசுவோடு நடந்த முதல் பெரிய போர் வேறு வகைக் கொசுவோடு. 1901இல் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவில் ஆட்கள் விழுவதைக் கண்டு, சதுப்பு வடிகால் வெட்டவும் நகரைச் சுற்றிய காட்டை அழிக்கவும் வற்புறுத்தினார். நோய் சட்டென்று குறைந்தது. அங்கே எதிரி நிழல்சதுப்பில் வளரும் அனாபிலிஸ் அம்ப்ரோசஸ். அதே வழியை மலைப்பாங்கான ரப்பர்த் தோட்டங்களுக்கு எடுத்துப்போனபோது கதை தலைகீழானது: காட்டை வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் பெருகியது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சஞ்சிக்கூலிகள் லயத்துக்கு லயம் காய்ச்சலில் விழுந்தார்கள். எந்தக் கொசு, எந்த நீர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் கிள்ளானில் கற்றது. ஆனால் சதுப்பும் ஓடையும் பரந்தவை. அங்கே புழு உணவுக்கு முட்டிமோத வேண்டியதில்லை. நீரை எடுத்தால் போதும். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்கிலும் பூச்சட்டித் தட்டிலும் நிலைமை வேறு. ஒரு குவளை நீர், ஒரு பிடி சருகு, அதற்கு இருநூறு வாய்.

அந்த மங்குகளில் ஆசியக்காட்டில் பிறந்த அல்போபிக்டஸ் குடியேறியது. மரப்பொந்தில் சருகு ஊறிய நீரில் வாழ்ந்து பழகிய அதற்குப் பசி புதிதல்ல. பரேரா 1996இல் ஒப்பிட்டபோது எகிப்தியைவிட அல்போபிக்டஸ் புழுவே பட்டினியைக் கூடுதலாகத் தாங்கியது. ஜூலியானோ 1998இல் ஃபுளோரிடாவில் பார்த்ததும் அதை ஒட்டியதே: சருகு மட்டுமே தீனி என்றால் அல்போபிக்டஸ் வெல்லும். எகிப்தி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் ஏறித் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. வீட்டுக்குள், மனிதர் நிரப்பி வைக்கும் நீரில், மனிதர் சிந்தும் மிச்சத்தில் வாழப் பழகியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது: வெளித்தோட்டத்துச் சருகில் ஒன்று, பத்தாவது மாடிக் குளியலறையில் மற்றொன்று.

இப்போது கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்புச் சங்கம் கூடி, கண்ணில் பட்ட தட்டையும் டயரையும் கவிழ்த்துவிட்டு, கொண்டுவந்த ஏபேட் என்ற புழுக்கொல்லி மணலைத் தூவி, மீ கோரேங் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் நெருக்கடி மிகுந்த தொட்டியில் பாதிப் புழுவை மட்டும் கொன்றால் என்ன ஆகும்? மிச்சமுள்ள பாதிக்கு இரட்டைப் பங்கு தீனி. அவை வேகமாக வளரும், பெரிதாக வளரும், கூட்டுப்புழுவாகத் தப்பிப்பதும் கூடும். அகுடெலோ-சில்வாவும் ஸ்பீல்மனும் 1984இல் சோதனைத் தொட்டிகளிலிருந்து புழுக்களை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார்கள். சில நிலைகளில் வெளிவந்த கொசுக்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியது. அரைகுறை மருந்து, காலாவதியான மருந்து, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு அடிவண்டலை விட்டுவைப்பது எல்லாம் மிஞ்சியவற்றுக்குப் பந்தி வைப்பதாகவே முடியும். முழுவதும் ஊற்று, சுவரைத் தேய்த்து முட்டையை அகற்று, இல்லையேல் தொடாதே என்று சொல்லத் தோன்றுகிறது. 'தொடாதே' என்பதை மட்டும் சட்டம் ஏற்காது.

இதே காரணத்தால்தான் புழு இருந்த வீடுகளின் விழுக்காடு, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்ற பழைய குறியீடுகள் ஏமாற்றுகின்றன. பத்துப் பாத்திரத்தில் பசியோடு நிற்கும் ஆயிரம் புழுவில் பல கொசுவாவதே இல்லை. ஃபோக்ஸும் சாடியும் 1997இல் டிரினிடாடில் புழுவை விட்டுக் கூட்டுப்புழுவை எண்ணும் முறையை முன்வைத்தார்கள். கூட்டுப்புழு பட்டினிச் சோதனையைத் தாண்டியது. இரண்டு நாளில் பறக்கப் போவது. அதை எண்ணினால் எந்தப் பாத்திரத்தில் தீனி இருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். பெரும்பாலான ஊர்களில் சில வகைப் பாத்திரங்களே கொசுவின் பெரும்பகுதியை அனுப்புகின்றன. எல்லாத் தட்டுக்கும் ஒரே அபராதம் என்பதைவிட, அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிப்பது கிள்ளான் மாநகரத்துக்கும் கோலாலம்பூருக்கும் பயன் தரும்.

பாத்திரத்தை விட்டுக் கொசுவையே மாற்றிப் பார்க்கும் வழியும் உண்டு. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 முதல் சிலாங்கூரிலும் தலைநகரத்தை ஒட்டிய பகுதிகளிலும் வொல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் எகிப்தியைப் பறக்கவிட்டது. அல்போபிக்டஸின் உடலில் இயல்பாக வாழும் வகை அது. எகிப்தியில் புகுத்தினால் டிங்கி வைரஸ் பெருகாமல் தடுக்கும். வேறு நாடுகளில் பயன்பட்ட இன்னொரு வகை வெயிலில் சூடாகும் பாத்திரங்களில் அடர்த்தி இழந்துவிடும் என்பதால் வெப்பம் தாங்கும் இது தேர்ந்தெடுக்கப்பட்டது. நஸ்னி வாசி அகமதுவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட முடிவில், விடுவித்த இடங்களில் டிங்கி நோயாளிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தார்கள்.

வெப்பத்தைத் தாங்கும் இந்தப் பாக்டீரியா பசியை எப்படித் தாங்குகிறது? மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராஸும் ஹாஃப்மனும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினி போட்ட புழுக்களில் வொல்பாக்கியா சுமந்தவற்றுக்குக் கூடுதல் இழப்பு இருந்தது. உடலுக்குள் இருக்கும் விருந்தாளிக்கும் பங்கு போக வேண்டுமே. முட்டையிலும் அப்படியே: லாவும் கூட்டாளிகளும் 2021இல் கண்டபடி, நெடுநாள் காய்ந்து கிடந்து பொரிந்த வொல்பாக்கியாப் பெண்களில் ஒரு பகுதி மலடாகிவிட்டன. தீனியும் மழையும் தாராளமாக உள்ள குடியிருப்பில் அந்தப் பாக்டீரியா வேரூன்றுவதும், சருகு மட்டும் கிடக்கும் வறண்ட மூலையில் திணறுவதும் இதனால் எதிர்பார்க்கத் தக்கவையே. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் வைத்த வொல்பாக்கியாப் பெட்டிகளுக்குள் முட்டையோடும் நீரோடும் புழுவுக்கான தீனியும் இருந்தது.